கதிர் எங்கே போகிறது?

தை பிறந்தால் நம் ஊர்ச் சுவர்களில் ஒரு கிராமம் வந்து தொங்குகிறது. சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் இனாமாகக் கொடுக்கும் காலண்டரில் அந்தக் கிராமம் இருக்கிறது. பொங்கல் வாழ்த்துத் தட்டிகளில் இருக்கிறது. பெரிய ஹோட்டல்களின் வரவேற்பு மண்டபத்தில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் இருக்கிறது. பச்சைப் பசேலென்ற வயல். முற்றித் தலை சாய்ந்த கதிர். கொம்புக்கு வர்ணம் பூசிய காளை. தலையில் கதிர்க்கட்டும் முகத்தில் புன்னகையுமாக ஒரு பெண். விடியற்காலை முதல் அறுத்தவள் அவள். ஆனால் அவள் புடவையில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது.

இந்தச் சித்திரத்தைப் பார்த்து "எவ்வளவு அழகு!" என்று சொல்லாதவர் இல்லை. நாமும் சொல்கிறோம். விளைந்த வயல் அழகுதான். அதை அழகாக்கியவர்களே நம் மக்கள்தானே! ஆனால் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். அந்தப் பெண்ணின் தலையில் இருக்கும் கதிர்க்கட்டு எங்கே போகிறது? அவள் வீட்டுக்கா? இன்னொருவர் களத்துக்கா? களத்தில் அடித்துத் தூற்றி அளந்த பிறகு அவளுக்கு மிஞ்சுவது எத்தனை படி?

சித்திரத்தில் இதற்குப் பதில் கிடையாது. கேள்வியே எழாதபடிதான் அது வரையப்பட்டிருக்கிறது.

இப்படிச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வருகிறது. "ஓவியம் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம். அங்கேயும் போய் வர்க்கத்தையும் கூலியையும் தேடுவானேன்?" என்று கேட்கிறார்கள் கலாரசிகர்கள். நம் பக்கத்திலேயே சில தோழர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "வயிற்றுக்குச் சோறில்லாதவன் ஓவியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அது பணக்காரன் பொழுதுபோக்கு. நமக்கெதற்கு?" இரண்டு அபிப்பிராயங்களும் எதிரெதிராகத் தோன்றுகின்றன. ஆனால் இரண்டும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் கொண்டு போய் விடுகின்றன. ஓவியத்தை ஒரு சிலர் கையிலேயே விட்டுவிட வேண்டும் என்பதே அந்த இடம்.

நாம் அதற்குச் சம்மதிக்க முடியாது. ஏன் என்பதை மூன்று நாடுகளின் ஓவியங்களைக் கொண்டு பார்ப்போம். மூன்றிலும் வயல் இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது. வித்தியாசம் எங்கே என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆளில்லாத வயல்

இங்கிலாந்தில் தாமஸ் கெய்ன்ஸ்பரோ என்ற பிரசித்தி பெற்ற ஓவியர் இருந்தார். 1750-ம் ஆண்டு வாக்கில் அவர் ஒரு படம் வரைந்தார். 'திரு. ஆண்ட்ரூஸும் திருமதி ஆண்ட்ரூஸும்' என்று அதற்குப் பெயர். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இன்று அது இருக்கிறது. ஒரு பெரிய ஓக் மரத்தடியில் சீமாட்டி நீலப் பட்டாடை விரித்து ஆசனத்தில் அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் சீமான், கையிடுக்கில் துப்பாக்கியோடு சாவதானமாக நிற்கிறார். காலடியில் வேட்டை நாய். படத்தின் பாதிக்கு மேல் அவர்களுடைய நிலம். வரிசை தப்பாமல் விதைத்து, அறுத்து, கட்டி நிறுத்திய கோதுமைக் கதிர்கள். அப்பால் மேய்ச்சல் நிலத்தில் ஆடுகள்.

ஆடு இருக்கிறது, நாய் இருக்கிறது, கதிர்க்கட்டு இருக்கிறது. கதிரை அறுத்தவன் எங்கே? கட்டியவள் எங்கே? அவ்வளவு பெரிய நிலத்தில் ஒரு கூலியாள்கூட இல்லை. கோதுமை தானே விதைத்துக்கொண்டு, தானே அறுபட்டு, தானே கட்டாகி, எஜமானர் முன்னால் வந்து கைகட்டி நிற்பது போல இருக்கிறது படம்.

இது ஓவியரின் மறதி என்று நாம் நினைக்கவில்லை. அன்றைய இங்கிலாந்தில் கிராமத்துக்குப் பொதுவாயிருந்த நிலங்களை வேலி போட்டு அடைத்துத் தனிச் சொத்தாக்கும் காரியம் மும்முரமாக நடந்து வந்தது. பார்லிமெண்டே ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டு அதை நடத்திக் கொடுத்தது. பொது நிலத்தில் மாடு மேய்த்தவன், விறகு பொறுக்கியவன், குடிசை போட்டிருந்தவன் எல்லாரும் வெளியேற வேண்டியதாயிற்று. வேலி நிலத்திலிருந்து ஆளை வெளியேற்றியது. ஓவியம் படத்திலிருந்து ஆளை வெளியேற்றியது. படத்துக்குக் கூலி கொடுத்தவர் நிலத்துக்குச் சொந்தக்காரர். அவர் காண விரும்பியது தம் நிலத்தையும் தம்மையும்தான்.

இன்னொரு சேதியையும் சொல்ல வேண்டும். கெய்ன்ஸ்பரோவின் சொந்த ஜில்லா சஃபோக். அதே சஃபோக்கில் ஓர் ஏழைப் பெண், அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். நிலக்காரர் வழக்குப் போட்டார். 1788-ம் ஆண்டு லண்டன் நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: சிந்திய கதிரைப் பொறுக்க ஏழைகளுக்குச் சட்டப்படி உரிமை ஏதும் கிடையாது! அந்த ஆண்டில்தான் கெய்ன்ஸ்பரோ காலமானார். கீழே விழுந்த கதிரும் எஜமானருக்கே சொந்தம் என்று சட்டம் சொன்னது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் படம் அதைச் சொல்லிவிட்டது.

மூன்று பெண்கள்

இப்போது பிரான்சுக்குப் போவோம். ழான் பிரான்சுவா மில்லே 1814-ல் நார்மண்டிப் பிரதேசத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் வயலில் வேலை செய்தவர். 1849-ல் பாரிஸை விட்டு பார்பிசோன் என்ற கிராமத்துக்குக் குடிபோனார். 1857-ல் பாரிஸ் கண்காட்சியில் அவர் வைத்த படத்தின் பெயர் 'கதிர் பொறுக்கும் பெண்கள்'.

படத்தில் மூன்று பெண்கள். இருவர் முதுகு ஒடியக் குனிந்து தரையில் கை வைத்திருக்கிறார்கள். மூன்றாமவள் குனிந்ததிலிருந்து பாதி நிமிர்ந்திருக்கிறாள். அல்லது மறுபடி குனியப் போகிறாள். ஒருத்தி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து அதில் ஒரு பிடி கதிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு நேரம் பொறுக்கியதற்கு அதுதான் பலன்! முரட்டுத் துணி, தடித்த விரல்கள், நிழலில் மறைந்த முகங்கள். நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுதும் குனிந்த நம் தாய்மார்களுக்கு இந்த முதுகுகளைப் பற்றி யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களுக்குப் பின்னால், தூரத்தில், பொன்னிற வெளிச்சத்தில் இன்னோர் உலகம் இருக்கிறது. மலை மலையாகக் கதிர்ப்போர். பாரம் ஏற்றிய வண்டி. கூட்டமாக வேலை செய்யும் அறுவடைக்காரர்கள். வலது ஓரத்தில், மிகச் சிறிய உருவமாக, குதிரை மேல் ஒருவன். அவன்தான் பண்ணைக் காரியஸ்தன். போர் அங்கே, பிடி இங்கே. இரண்டுக்கும் நடுவே வெறும் கட்டாந்தரை. இதைத் தவிர ஒரு வார்த்தை மில்லே சொல்லவில்லை. அந்தத் தூரத்தை வரைந்து காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்.

அதற்கே பாரிஸ் கனவான்கள் மிரண்டு போனார்கள். ஒரு பத்திரிகை விமர்சகர், இந்தப் பெண்களுக்குப் பின்னால் 1793-ம் ஆண்டின் ஈட்டிகளும் தூக்குமேடைகளும் தெரிகின்றன என்ற தோரணையில் எழுதினார். 1793 என்றால் என்ன? பிரெஞ்சுப் புரட்சி மன்னன் தலையை வாங்கிய வருஷம்! கையில் ஆயுதம் இல்லாத, வாயில் கோஷம் இல்லாத, கதிர் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்கள். அவர்களைப் பார்த்து ஏன் இந்தப் பயம்?

காரணம் இருக்கிறது. 1848-ல் பாரிஸ் தொழிலாளிகள் கிளர்ந்தெழுந்து, ஜூன் மாதத்தில் ரத்தத்தில் அமுக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே 1848-ல் வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வோட்டுரிமை வந்து, கிராமத்து விவசாயி ஓர் அரசியல் சக்தியாகிவிட்டிருந்தான். நகரத்துச் சீமான்களுக்குத் தெரிந்திருந்த கிராமத்தான் இரண்டே வகை: நாடகத்தில் வரும் கோமாளி, அல்லது சித்திரத்தில் வரும் அழகிய இடைச்சி. மில்லே அந்த இரண்டையும் காட்டவில்லை. மகாராஜாக்களையும் தேவதைகளையும் வரைவதற்கென்று ஒதுக்கியிருந்த கம்பீரத்தை மூன்று கூலிப் பெண்களுக்குக் கொடுத்தார். அந்தக் கம்பீரம்தான் அவர்களைப் பயமுறுத்தியது.

கதிர் பொறுக்குவது பிரான்சில் பழைய உரிமை. அறுவடை முடிந்த பிறகு, சூரியன் உதித்து மறைவதற்குள், ஏழைகள் வயலில் இறங்கிப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று 1554-ம் ஆண்டு ராஜ சாசனமே இருந்தது. தானம் கொடுப்பது போலத் தோன்றும் இந்த உரிமையின் மறுபக்கம் என்ன? விதைத்து அறுத்தவர்களின் குடும்பமே சிந்தியதைப் பொறுக்கிப் பிழைக்கும்படி விட்டுவைத்த ஏற்பாடு அது. இளைஞர் மார்க்ஸ் 1842-ல், உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடர்கள் என்று தண்டிக்கும் ஜெர்மன் சட்டத்தை எதிர்த்து எழுதினார். அந்த விவகாரம்தான் தம்மைப் பொருளாதாரப் பிரச்னைகளின் பக்கம் திருப்பியது என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டார். சிந்திய கதிரும் உதிர்ந்த சுள்ளியும் சின்ன விஷயங்களல்ல. சொத்துரிமையின் எல்லைக் கோடு அந்த இடத்தில்தான் பச்சையாகத் தெரிகிறது.

ஓவியரின் கொள்கையும் ஓவியத்தின் உண்மையும்

மில்லே சோஷலிஸ்டா? இல்லை. அவரே மறுத்திருக்கிறார். அவர் விவசாயியின் துயரத்தை மனித குலத்தின் மாறாத தலைவிதியாகப் பார்த்தவர். போராட்டத்தில் நம்பிக்கை வைத்தவரல்லர். அவர் காலத்தவரான கூர்பே நேர்மாறானவர். சாலையோரத்தில் கல்லுடைக்கும் ஒரு கிழவனையும் ஒரு பையனையும் 1849-ல் வரைந்த கூர்பே, 1871-ல் பாரிஸ் கம்யூனில் பங்கெடுத்தார், ஆறு மாதம் சிறை சென்றார், கடைசியில் நாட்டை விட்டு வெளியேறி 1877-ல் ஸ்விட்சர்லாந்தில் மாண்டார். அவருடைய 'கல்லுடைப்போர்' படம் இரண்டாம் உலக யுத்தத்தில், 1945-ல், திரெஸ்டன் நகருக்கருகே அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது.

கொள்கையில் இருவரும் வேறு வேறு. ஆனால் இருவர் படத்திலும் உழைப்பாளியின் முகம் மறைந்திருக்கிறது, முதுகும் கையும் முன்னால் நிற்கின்றன. உள்ளதை உள்ளபடி காணும் நேர்மை இருந்தால், கலைஞனின் சொந்த அபிப்பிராயத்தையும் மீறி அவன் படைப்பு உண்மையைச் சொல்லிவிடும். முடியாட்சியை ஆதரித்த பால்சாக்கின் நாவல்களைப் பற்றி 1888-ல் ஒரு கடிதத்தில் ஏங்கெல்ஸ் சொன்னது இதைத்தான். நம் தோழர்கள் சிலர், ஓவியரிடம் முதலில் அரசியல் விண்ணப்பத்தை நீட்டிவிட்டுப் பிறகு படத்தைப் பார்க்கிறார்கள். முதலில் படத்தைப் பார்க்க வேண்டும்.

பயந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் நமக்குப் பாடம். மில்லேயின் இன்னொரு படம் 'மாலை மணியோசை'. உருளைக்கிழங்கு தோண்டும் வயலில், தூரத்துக் கோயில் மணி கேட்டு, ஒரு விவசாயியும் அவன் மனைவியும் தலை குனிந்து பிரார்த்திக்கிறார்கள். மில்லே அதை ஏறக்குறைய 1,000 பிராங்குக்கு விற்றார். அவர் 1875-ல் இறந்துபோனார். 1889-ல் அந்தப் படம் ஏலத்தில் 5,53,000 பிராங்குக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு பாரிஸின் பெரிய ஜவுளி மாளிகை முதலாளி ஒருவர் 8 லட்சம் பிராங்க் கொடுத்து வாங்கினார். ஓவியரின் குடும்பத்துக்கு அதில் ஒரு சல்லிக்கும் உரிமை இல்லை. மறுவிற்பனையில் கலைஞருக்கும் வாரிசுக்கும் பங்கு தரும் சட்டம் பிரான்சில் 1920-ல்தான் வந்தது. வயலில் நடந்ததே ஏலக் கூடத்திலும் நடந்தது. விளைத்தவன் ஒருவன், அள்ளியவன் ஒருவன்!

படத்தின் பிரதிகளோ லட்சக்கணக்கில் அச்சாகி வீடுகளில் பக்திப் படமாகத் தொங்கின. பொறுமையும் பணிவும் உள்ள நல்ல விவசாயி என்று அதற்கு அர்த்தம் கற்பித்தார்கள். ஒரு படத்தை ஒழிக்க முடியாவிட்டால், அதன் பல்லைப் பிடுங்கிப் பூஜை அறையில் மாட்டிவிடுவது ஆளும் வர்க்கத்தின் சாமர்த்தியம். ஆகவே வரைந்தால் மட்டும் போதாது. பார்க்கவும் நாம் கற்றுக்கொண்டாக வேண்டும்.

வங்கத்தின் கறுப்பு மை

மூன்றாவதாக நம் நாட்டுக்கு வருவோம். 1943-ல் வங்கத்தில் பஞ்சம். இறந்தவர்கள் 15 லட்சம் என்றது சர்க்கார் நியமித்த விசாரணைக் குழு. 30 லட்சம் வரை இருக்கும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. தானியம் விளையாததாலா இந்தச் சாவு? 1941-ம் ஆண்டை விட 1943-ல் வங்கத்தில் தானிய இருப்பு அதிகம் என்பதைப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் வெளிவந்த தம் நூலில் கணக்குப் போட்டுக் காட்டினார். நெல் இருந்தது. யுத்த கால விலையில் அதை வாங்கக் கிராமத்துக் கூலியாளிடம் காசு இல்லை. பதுக்கியவனிடமும், பணம் உள்ளவனிடமும் அது போய்ச் சேர்ந்தது. கதிர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு லட்சக்கணக்கான பிணங்கள் பதில் சொன்னன.

அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1943 நவம்பரில், கம்யூனிஸ்ட் ஓவியர் சித்தப்பிரசாத் மித்னாப்பூர் ஜில்லாவின் கிராமங்கள் வழியாக நடந்தார். கண்டதைக் கறுப்பு மையில் வரைந்தார். கூரையிழந்த வீடு, விலாவெலும்பு எண்ணத்தக்க குழந்தை, தின்னக் கிழங்கு தேடும் தாய். பல படங்களில் அவர் யார், எந்த ஊர் என்று எழுதியும் வைத்தார். காலண்டர் கிராமத்துப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 'பசித்த வங்கம்' என்ற தலைப்பில் அந்த வரலாறு புத்தகமாக வந்ததும் பிரிட்டிஷ் சர்க்கார் அதைப் பறிமுதல் செய்து பிரதிகளை அழித்தது. யுத்தம் நடத்திக்கொண்டிருந்த ஒரு சாம்ராஜ்யம் சில கோட்டுச் சித்திரங்களுக்குப் பயந்தது! அதே நாட்களில் கல்கத்தா வீதிகளில் செத்து விழுந்தவர்களை, ஜைனுல் ஆபிதீன் மலிவான காகிதத்தில் மையால் வரைந்தார். கையில் கிடைத்தது அவ்வளவுதான். அந்தக் காகிதத்தில் வந்த கோடுகள் இன்றும் உயிரோடு நிற்கின்றன.

மூன்று ஆண்டு கழிந்தது. 1946 டிசம்பரில் சோம்நாத் ஹோர் என்ற இளம் ஓவிய மாணவரைக் கட்சி வடக்கு வங்கத்தின் ரங்கப்பூருக்கு அனுப்பியது. அங்கே தேபாகா இயக்கம் மூண்டிருந்தது. விளைச்சலில் பாதியை ஜோத்தேதார் என்ற நிலக்காரனுக்கு அளந்து வந்த வாரக் குடியானவர்கள், இனி மூன்றில் ஒரு பங்குதான் தருவோம், இரண்டு பங்கு எங்களுக்கு என்றார்கள். அறுத்த நெல்லை ஜோத்தேதாரின் களத்துக்குக் கொண்டு போகாமல் தங்கள் சொந்தக் களத்துக்கே கொண்டு போவது என்று தீர்மானித்தார்கள். நம் கட்டுரையின் தலைப்பு அங்கே போராட்ட கோஷமாகவே ஆகிவிட்டது!

ஹோர் நாட்குறிப்பு எழுதினார், படம் வரைந்தார். பிறகு அவற்றை மரச்செதுக்குச் சித்திரங்களாகவும் ஆக்கினார். இரவில் விளக்கொளியைச் சுற்றிக் கூடி யோசிக்கும் விவசாயிகள், தடியும் அரிவாளுமாக வயலுக்குப் புறப்படும் ஆண்களும் பெண்களும். கெய்ன்ஸ்பரோவின் படத்தில் கதிர் இருந்தது, ஆள் இல்லை. மில்லேயின் படத்தில் ஆள் வந்தாள், ஆனால் குனிந்த தலையோடு. ஹோரின் படத்தில் ஆள் நிமிர்ந்து, பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். இந்த நிமிர்வுக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1947 பிப்ரவரியில் தினாஜ்பூர் ஜில்லாவின் கான்பூர் கிராமத்தில் மட்டும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20-க்கும் மேற்பட்ட விவசாயிகள் உயிர் நீத்தார்கள்.

நம் ஊர்ச் சுவர்

இத்தனையும் பார்த்த பிறகு நம் காலண்டர் கிராமத்துக்குத் திரும்புவோம். அதில் கோயில் கோபுரம் இருக்கிறது, குளம் இருக்கிறது, ஓட்டு வீடுகள் இருக்கின்றன. சேரி இருக்கிறதா? நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்த மக்கள் குடியிருக்கும் தெரு எந்தப் படத்திலாவது இருக்கிறதா? களம் இருக்கிறது, மரக்கால் பிடித்து அளக்கும் கணக்குப்பிள்ளை இருக்கிறானா? கெய்ன்ஸ்பரோ ஆளையே அகற்றினார். நம் காலண்டர் ஆளை வைத்துக்கொண்டு அவள் கூலியையும் சாதியையும் குடிசையையும் அகற்றிவிட்டது. முறைதான் வேறு, காரியம் ஒன்று.

தஞ்சை வயல்களைப் போல் எத்தனை படங்கள் வந்திருக்கின்றன! அந்த வயல்களில்தான் பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாகச் சென்று சங்கம் கட்டி, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக் கொடுத்த பிறகே அந்தக் கொடுமை ஒழிந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் அதே மண்ணில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். பொன் விளையும் பூமி என்று அந்த வயலை வரைபவர், அந்தப் பொன்னில் யாருடைய பங்கு எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு நேர்ந்ததையும் அறிந்திருக்க வேண்டும்.

இன்றைய கிராமமும் அந்தப் படத்தில் இல்லை. டெல்டாவில் இப்போது பெரும்பாலும் அறுவடை இயந்திரம்தான் அறுக்கிறது. அரிவாள் பிடித்த பெண் காலண்டரில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். வயலில் அவளுக்கு இருந்த வேலை நாட்கள் குறைந்துவிட்டன. அண்மை ஆண்டுகளில் பல ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நாற்று நடுகிறார்கள். தேபாகா கண்ட வங்கத்தின் பிள்ளைகள் நம் வயலில் கூலிக்கு நிற்கிறார்கள்! நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில், மழையில் முளைவிட்ட நெல் குவியலைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு, சிறு விவசாயி இரவெல்லாம் காவல் கிடக்கிறார். எந்தப் பொங்கல் தட்டியில் இவர்கள் இருக்கிறார்கள்?

உடனே, எல்லாப் படத்திலும் கண்ணீரும் கொடியும் இருந்தே தீர வேண்டும் என்று நாம் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். விவசாயிக்கும் சிரிப்பு உண்டு. நடவுப் பாட்டு உண்டு, மாட்டுப் பொங்கல் உண்டு, முற்றிய கதிரைத் தடவிப் பார்க்கும் பெருமை உண்டு. அவற்றையும் வரையட்டும். 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்தில் கொடியும் இல்லை, முஷ்டியும் இல்லை. ஆனாலும் அது சீமான்களின் உறக்கத்தைக் கெடுத்தது. கொடியைத் திணித்து, உயிரில்லாத பொம்மைகளை வரைந்துவிட்டால் புரட்சிக் கலை ஆகிவிடாது. நாம் கேட்பது ஒன்றுதான்: சிரிப்பவளின் கையில் இருக்கும் காய்ப்பையும் வரையுங்கள். வயலின் அழகைக் காட்டும்போது அதை அழகாக்கியவர் குடியிருக்கும் தெருவையும் காட்டுங்கள்.

அழகை ஒதுக்கச் சொல்லும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டினி கிடந்த கிராமங்களுக்கு, மையும் காகிதமுமாக ஓர் ஓவியரும் போனார் என்பதை மறக்கக் கூடாது. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அந்த மக்களின் முகம் நமக்குத் தெரிந்திராது. அதிகாரிகளின் கணக்கில் அவர்கள் வெறும் எண்ணிக்கையாகவே போயிருப்பார்கள்.

ஆகவே நம் விவசாயச் சங்க அலுவலகங்களிலும் படிப்பு வட்டங்களிலும் மில்லேயின் மூன்று பெண்களும், சித்தப்பிரசாத்தின் கோடுகளும், சோம்நாத் ஹோரின் இரவுக் கூட்டமும் இடம்பெற வேண்டும். அச்சுப் பிரதிதானே, பெரிய செலவில்லை. அவற்றை மாட்டிவிட்டுப் போகாமல், அவற்றின் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். ஊர்ப் பிள்ளைகளிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்து, கிளியையும் தாமரையையும் வரைந்தது போதும், உன் தெருவை வரை, உன் அம்மா வேலை செய்யும் இடத்தை வரை என்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளில் ஓர் ஓவியர் இருப்பார், சந்தேகமே வேண்டாம்.

இனி எங்கே ஒரு கிராமத்துச் சித்திரத்தைக் கண்டாலும் நம் மக்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இதில் உழைப்பவர் யார்? இதைத் தன் சுவருக்காக வாங்கியவர் யார்? கதிர் எங்கே போகிறது? இந்த மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிய கண், சித்திரத்தோடு நிற்காது. சட்டத்துக்கு வெளியே இருக்கும் வயலையும் களத்தையும் கொள்முதல் நிலையத்தையும் அதே விதமாகத்தான் பார்க்கும்.